சீமையில் செருப்புக் கொடுக்கப் போனவள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு ஐம்பது. வந்திருக்க வேண்டிய செய்தி வரவில்லை.

என் மகள் இங்கிலாந்தின் வடக்கே ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு நகரத்தில் ஒரு வருட ஊழியத்துக்குப் போயிருந்தாள். சம்பளம் இல்லாத தொண்டு. அங்குள்ள கிறிஸ்தவ வாலிபர் குழு ஒன்றில் சேர்ந்திருந்தாள். சனிக்கிழமை இரவுகளில் தெருவில் வேலை. அங்கே அதிகாலை மூன்று மணிக்கு அது முடியும். தங்கும் வீட்டுக்கு நடந்து போய், கதவைச் சாத்தியதும், "வீடு வந்தேன் பா" என்று அனுப்புவாள். நமக்கு அப்போது ஏழே முக்கால். நான் டீயை ஆற்றிக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். செய்தி வந்த பிறகுதான் முதல் மடக்கு.

அன்றைக்கு டீயில் ஆடை படிந்துவிட்டது.

"வந்துட்டாளா?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"நடந்து வந்துட்டிருப்பா. நீங்க டீயைக் குடிங்க."

ஆனால் அவளும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனத்நகரில் ஒரு எஞ்சினியரிங் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எந்த இரும்பு எங்கே விரிசல் விடும் என்று தேடுவதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. பிள்ளையையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன் என்பது என் மனைவியின் புகார். உண்மைதான். சிக்கந்தராபாத் பக்கம் மௌலா அலியில் எங்கள் வீட்டிலிருந்து முதல்முறையாக அவள் தனியாகக் கல்லூரிக்குப் போன அன்று நானும் அதே ரயிலில் அடுத்த பெட்டியில் ஏறி அவளுக்குத் தெரியாமல் போயிருக்கிறேன்.

அப்படிப்பட்ட வீட்டில்தான், பிசியோதெரபி முடித்து, பேகம்பேட்டில் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்குக் கூப்பிட்டிருந்த சமயத்தில், சாப்பாட்டு மேஜையில் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"ஒரே வருஷம் பா. வாலிபர் ஊழியம். இங்கிலாந்து."

"அவங்கதான் நமக்கே வந்து வேதத்தைச் சொன்னவங்க. நம்ம கோயில் சுவர்ல இருக்கற பளிங்குக் கல்லு பூரா அவங்க பேருதான். நீ அவங்களுக்குப் போய் என்ன சொல்லப் போற?"

"அது அப்போ. இப்ப அங்க கோயிலையே வித்துட்டு ஜிம் வைக்கிறாங்க பா. பசங்களுக்குப் பேசறதுக்கு ஆள் இல்ல."

"இங்க மட்டும் இருக்கா?"

"கூப்பிட்டது அவங்கதானே. நீங்க கூப்பிட்டா இங்கயும் செய்யறேன், திரும்பி வந்து."

விமான நிலையத்தில் நான் ஒரு வாக்கு வாங்கினேன். எந்த சனிக்கிழமையாவது வேலை முடிந்து வீடு வந்த செய்தி வரவில்லை என்றால், காரணம் எதுவானாலும், அடுத்த விமானத்தில் திரும்பிவிட வேண்டும். அவள் சிரித்தாள். "ஹவ் பா. ஓகே." "விளையாட்டில்ல." "சொன்னா சொன்னதுதான் பா. நம்ம வீட்ல வேற மாதிரி எப்ப இருந்திருக்கோம்?" என்றாள். அது உண்மை. எங்கள் வீட்டில் சத்தியம் செய்வது கிடையாது. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவது மட்டும்தான். நான்தான் அப்படி வளர்த்தேன்.

அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயிற்று. வார நாட்களில் சாயந்திரம் கோயில் ஹாலைத் திறந்து வைப்பார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் வருவார்கள், டேபிள் டென்னிஸ் ஆடுவார்கள், ரொட்டி சுட்டுத் தின்பார்கள். ஜெபமெல்லாம் யாராவது கேட்டால்தான். ஒரு பையன் ஹாலில் ஹீட்டர் இருக்கிறது என்பதற்காக மட்டுமே வருகிறானாம். "அது போதும் பா, குளிர்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

சனிக்கிழமை இரவு மது விடுதிகள் இருக்கும் தெருக்களில் மூன்று மூன்று பேராக நடப்பார்கள். நீல நிறச் சட்டை, தோளில் ஒரு பை. பையில் தண்ணீர், போர்வை, ஒரு கட்டு ரப்பர் செருப்பு. குதிகால் உயர்ந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு உடைந்த பாட்டில்கள் மேல் தள்ளாடிப் போகும் பெண்களுக்கு அந்தச் செருப்பு. குனிந்து மாட்டியும் விடுவார்களாம். சண்டை போடுகிற ஆண்களுக்கு லாலிபாப். "வாயில லாலிபாப் வெச்சுக்கிட்டு யாராலயும் கெட்ட வார்த்தை பேச முடியாது பா, முயற்சி பண்ணிப் பாருங்க." யாரையும் போட்டோ எடுக்கக் கூடாது. சொந்த போன் கையில் இருக்கக் கூடாது, வேனில் ஒரு பெட்டியில் வைத்துவிட வேண்டும். தெருவில் கேட்டது எதையும் வெளியே சொல்லக் கூடாது. குழுத் தலைவர் வேனில் இருப்பார், அவரிடம் ஒரு போன். மூன்று பேருக்கு ஒரு போன்.

மிஷனெரி ஞாயிறன்று எங்கள் சபையில் பெரிய திரையில் அவளை வீடியோவில் பேச வைத்தார்கள். வேட்டி மடிப்புக் கலையாத மூத்த அங்கத்தினர் ஒருவர் மைக்கை வாங்கி, "இதுவரைக்கும் எத்தனை ஆத்துமாக்களை ஆதாயம் பண்ணியிருக்க மகளே?" என்று கேட்டார்.

"தெரியல அங்கிள். செருப்பு நிறையக் குடுத்திருக்கோம்" என்றாள்.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவர் என் பக்கத்தில் வந்து, "செருப்பு மாட்டி விடவா சீமைக்குப் போனா உங்க மக? அதுக்கு இங்க சிக்கந்தராபாத் ஸ்டேஷன் வாசல்லயே நிக்கலாமே" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

பிறகு ஒரு நாள் அவள் சொன்னது என்னை மாற்றியது. நடைபாதையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கூந்தலைப் பின்னால் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாளாம். தெளிந்ததும் அந்தப் பெண், "இதற்கு உனக்கு எவ்வளவு தருகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறாள். ஒன்றும் இல்லை என்றதும், "அப்புறம் ஏன்?" என்றாளாம். "அவளா கேட்டா பா. அதனால சொன்னேன்" என்றாள் என் மகள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற பெண் அவள். யாரோ ஒருத்தியின் வாந்தியைத் துடைத்துவிட்டு, கேட்கும் வரை காத்திருந்து, பிறகு சொல்லியிருக்கிறாள். ஐம்பது வருஷமாகக் கோயிலுக்குப் போகிற என்னிடம் யாரும் ஒரு தடவைகூட "அப்புறம் ஏன்?" என்று கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் எதுவும் செய்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

எட்டு மணிக்கு அவள் எண்ணை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும், மறுபடியும். குழுத் தலைவரின் எண் எங்களிடம் இருந்தது. அவரும் எடுக்கவில்லை. நான் போனைக் கீழே வைக்காமல் நிற்பதைப் பார்த்த என் மனைவி, எங்கள் ஜனங்கள் எல்லோரும் இப்படிப்பட்ட நேரத்தில் செய்வதைச் செய்தாள். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஜெப விண்ணப்பம் போட்டாள். மகளிடமிருந்து தகவல் இல்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். குழுத் தலைவரின் எண்ணையும் போட்டு, முடிந்தவர்கள் முயற்சி செய்து பாருங்கள் என்று எழுதிவிட்டாள். போடச் சொன்னது நான்.

ஜெப விண்ணப்பம் எவ்வளவு வேகமாகப் போகும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. பெண்கள் சங்கத்திலிருந்து வாலிபர் சங்கத்துக்கு, அங்கிருந்து தெலுங்கு சபைக்கு, அங்கிருந்து நாகர்கோவிலில் இருக்கும் என் மனைவியின் சித்திக்கு. போகிற வழியில் அது வளர்ந்தது. "தகவல் இல்லை" என்பது "காணவில்லை" ஆயிற்று. எட்டரைக்கு எதிர்வீட்டு அம்மா ஒரு பாத்திரம் நிறைய இட்லியோடு வந்து, நாங்கள் அழுவதற்கு முன்பே "அழாதீங்க" என்றார்.

"அழலையேம்மா" என்றேன்.

"அடக்கி வெச்சுக்காதீங்க அங்கிள். அது நெஞ்சுக்கு ஆகாது."

வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் ஆராதனைக்குப் போனோம். எங்களைப் பார்த்ததும் முற்றத்தில் பேச்சு நின்றது. வழக்கமாக நாங்கள் உட்காரும் பெஞ்சில் எங்களுக்காக இடம் விட்டுச் சுற்றிலும் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஆயர் ஐயா நல்லவர், ஆனால் அவருக்கு விஷயம் நான்காம் கையாகப் போயிருந்தது. பொது ஜெபத்தில், "பெரிய துக்கத்தின் வழியாகக் கடந்துபோகும் இந்தக் குடும்பத்தை" என்று ஆரம்பித்தார். பக்கத்திலிருந்த முதியவர் என் கையைப் பற்றிக்கொண்டார். அவர் அப்படிப் பிடித்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. எனக்குத் தெரியாதது எதுவோ இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று தோன்றிவிட்டது.

அப்போதுதான் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவள் எண். பெஞ்சில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி வெளியே வந்து, ஸ்கூட்டர்கள் நிறுத்தியிருந்த வேப்பமரத்தடியில் நின்று எடுத்தேன்.

"அப்பா."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"அப்பா, நான் ஃபைன். ஆஸ்பத்திரில இருக்கேன், ஆனா எனக்கில்ல. ஒருத்தர் பாலத்துல கைப்பிடிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தார். இப்ப இந்தப் பக்கம் இருக்கார். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"யாரு? எப்படி? நீ தனியாவா..."

"நக்கோ பா. கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்." பிறகு, பெருமூச்சா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். "இப்பதான் போன் கையில வந்துச்சு. ஒரு ஆன்ட்டி ஆத்மா சாந்தியடையட்டும்னு மெசேஜ் போட்டிருக்காங்க. எனக்கே."

அந்த நேரத்தில் ஒரு தகப்பன் என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது வாயில் வந்தது வேறு.

"வாக்குக் குடுத்தியே" என்றேன்.

அங்கே விடிந்துவிட்டது போலிருக்கிறது, ஏதோ பறவை கத்துவது கேட்டது.

"தெரியும் பா" என்றாள். "வர்றேன். இங்க சொல்லிடறேன். டிக்கெட் பாருங்க."

எதிர்த்துப் பேசியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கத்தி முடித்ததும் இளகியிருப்பேன். அவள் எதிர்க்கவில்லை.

மற்றதைக் குழுத் தலைவர் திங்கட்கிழமை என்னை அழைத்துச் சொன்னார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், மெதுவாகப் பேசினார், அந்த மனிதரின் பெயரையோ ஊரையோ சொல்லவில்லை. வேலை முடிந்து வேனுக்குத் திரும்பும் வழியில்தான் என் மகள் அந்த ஆளைப் பார்த்திருக்கிறாள். கூட வந்தவர்கள் போலீசை அழைத்தார்கள், போலீசும் வந்தது. ஆனால் சீருடை கிட்டே வந்தால் கையை விட்டுவிடுவேன் என்று அவர் சொன்னதால் தள்ளியே நின்றார்கள். இந்த மாதிரி நேரத்தில் பேசப் பயிற்சி பெற்றவர் குழுத் தலைவர்தான். வேன் நகரத்தின் மறுகோடியில் இருந்தது. அவருடைய எண்ணை அழைத்தார்கள், அழைத்தார்கள், கிடைக்கவே இல்லை.

"உங்கள் ஊர் மக்கள் மிகவும் அன்பானவர்கள்" என்றார் அவர். "ஒருவர் வைத்தவுடன் அடுத்தவர். ஒரு பெண்மணி போனிலேயே எனக்காக ஜெபம் செய்தார். நடுவில் வைக்க எனக்கு மனம் வரவில்லை."

அவர் கேலி செய்யவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். நான் கம்பெனியில் என் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரும் வராமல் என் மகள் அவ்வளவு நேரம் அங்கே தனியாக நின்று பேசிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் நாங்கள். அவள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று முழங்காலில் நின்ற சபை முழுவதும். அவளிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "சரி பா, அதுவும் ஜெபம்தானே" என்றாள். அவ்வளவுதான்.

தலைவர் இன்னொன்றும் சொன்னார். அந்த ஆளின் சட்டைக் கையை அவள் கைப்பிடிக்கு இந்தப் பக்கமிருந்து பிடித்தபடியே இருந்தாளாம், கடைசி வரை. பாராட்டாகத்தான் சொன்னார். ஒரு துணி எவ்வளவு எடை தாங்கும், அது கிழியாமல் இருந்தால் பிடித்தவளும் கூடப் போவாளா என்று கணக்குப் போடுகிறவன் நான். அன்றிலிருந்து அந்தக் கணக்கு நிற்கவில்லை. இப்போதும் லேத் ஓடும் சத்தத்தில் திடீரென்று வந்துவிடுகிறது.

அந்த வாரம் அவள் குழுவிடம் சொல்லிவிட்டாள், எந்த நாள் என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். நான் ஒவ்வொரு சாயந்திரமும் விமானங்களைப் பார்த்தேன், எதையும் எடுக்கவில்லை. இரு என்று ஒரு வார்த்தை சொன்னால் இருப்பாள். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த சனிக்கிழமையை நான் எப்படித் தாண்டுவது?

"என்னதான் முடிவு பண்ணியிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"நீ என்ன சொல்ற?"

"எனக்கு அவ இந்த நிமிஷம் இந்த வாசல்ல வந்து நிக்கணும். ஆனா நான் சொல்லி வந்தாள்னு இருக்கக் கூடாது." பிறகு, "வாக்கு வாங்கினது நீங்க. விடுறதும் நீங்களே விடுங்க. என்னை இழுக்காதீங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை வந்தது. வேலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாக்குத் தவறிய பிறகு தெருவுக்குப் போவது முறையில்லை என்று அவளே அன்று வேனில் தேநீர் ஊற்றும் வேலைக்கு மாறிக்கொண்டதாகச் சொன்னாள். நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அன்று மாலை ஐந்து மணி வாக்கில் அழைப்பு மணி அடித்தது. இன்னும் யாரோ ஜெபிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திறந்தேன். முன்பின் தெரியாத கணவன் மனைவி. எங்கள் வயதுதான் இருக்கும். அவர் ஆபீஸ் உடையில் இருந்தார், அந்த அம்மா நெற்றியில் குங்குமம், கையில் சாத்துக்குடிப் பை. தெலுங்கில்தான் பேசினார்கள், நான் தமிழில் எழுதுகிறேன்.

"இங்கிலாந்துல பொண்ணு இருக்கற வீடு இதுதானா?" என்று அவர் கேட்டார். "மௌலா அலி, தமிழ்க் கோயில்காரங்க வீடுன்னு மட்டும்தான் தெரியும். ஸ்டேஷன்ல ஆட்டோக்காரர்கிட்ட விசாரிச்சோம். செத்துப் போச்சுன்னு சொல்லி அப்புறம் உயிரோட இருக்குன்னாங்களே, அந்தப் பொண்ணு வீடான்னு கேட்டு இறக்கிவிட்டார்."

உட்காரச் சொன்னேன். அவர் உட்கார்ந்தார். அந்த அம்மா உட்காரவில்லை. சுவரில் மாட்டியிருந்த என் மகளின் பட்டமளிப்புப் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"பாலத்துல நின்னது எங்க பையன்" என்றார் படத்தைப் பார்த்தபடியே.

பரத் நகரில் வீடு. ஒரே மகன். படிக்கப் போனவன். அங்கே பரீட்சையில் தவறியதை வீட்டுக்குச் சொல்லாமல், கூட இருந்தவர்களிடமும் சொல்லாமல், மாதக்கணக்காக அறைக்குள்ளேயே கிடந்திருக்கிறான். வியாழக்கிழமைதான் அம்மாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னானாம். என் மகள் என்னிடம் சொல்லாததை அவன் தன் அம்மாவிடம் சொல்லியிருந்தான். இதை எழுதச் சம்மதித்தவர்களும் அவர்கள்தான்.

"முதல்ல உங்க பொண்ணு இங்கிலீஷ்ல பேசியிருக்கு" என்றார் அந்த அம்மா. "இவன் போயிடுன்னு தெலுங்குல திட்டியிருக்கான். உடனே அது, நம்ம ஊரா, எந்த ஸ்டேஷன்னு கேட்டுச்சாம். பரத் நகர்னான். ஓ, அதுக்கு அடுத்தது பேகம்பேட் தானேன்னு கேட்டுச்சாம். இவனுக்குக் கோபம் வந்துடுச்சு. அடுத்தது பத்தே நகர், அப்புறம் நேச்சர் க்யூர், அதுக்கப்புறம்தான் பேகம்பேட்னு சொல்லியிருக்கான். அதுவும் விடாம, இல்லியே, நடுவுல ஜேம்ஸ் ஸ்ட்ரீட் வருமேன்னு சொல்லுச்சாம். ஒவ்வொரு ஸ்டேஷனையும் தப்பாவே சொல்லிட்டிருந்துச்சாம். இவன் திருத்திட்டே இருந்திருக்கான். திருத்தித் திருத்தி, திரும்பி நின்னுட்டான்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்த ரயிலில்தான் எங்கள் மகள் அத்தனை வருஷம் கல்லூரிக்குப் போனாள். அந்த வரிசையை அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"நாங்க விசாவுக்குக் குடுத்திருக்கோம்" என்றார் அந்த மனிதர். மேலே சொல்லாமல் மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மாதான் படத்தை விட்டுத் திரும்பி, சாத்துக்குடிப் பையை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டு, என்னிடம் சொன்னார். "கொஞ்ச நாளாகும்னு சொல்றாங்க அண்ணா. அதுவரைக்கும் அவனுக்கு அங்க யாரும் இல்ல. உங்க பொண்ணும் அவங்க குழுத் தலைவர் பெரியவரும்தான் போய்ப் பாக்கறாங்க. அவங்க வர்ற அன்னைக்கு மட்டும் குளிச்சிட்டு உக்காந்திருக்கேம்மான்னு சொல்றான். நாங்க போய்ச் சேர்ற வரைக்கும் அவ அங்கயே இருப்பாதானே? நீங்க கூப்பிட்டுக்க மாட்டீங்களே?"